கொடி ஏந்தியவரின் பிறந்த திகதி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில், பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் நடந்தது இது. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று எழுதப்போவதில்லை. என்னை அறிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். திகதி இல்லாமல் ஒரு வரியும் எழுதாதவன் நான். கடைத்தெருவில் எனக்குப் பெயரே 'பஞ்சாங்கம்'தான்.

எங்கள் அச்சகத்தில் கலியாண அட்டை, சாமத்திய வீட்டுப் பூப்புனித அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அட்டை எல்லாம் அடிக்கிறோம். திகதிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நாளும் கிழமையும் பொருந்துகிறதா, திதி சரியா என்று பார்ப்பேன். பிறகு மாதிரித்தாளை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இயந்திரத்துக்கு அனுப்புவேன். எவ்வளவு அவசரம் என்றாலும் இந்த விதியை மீறியதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர.

அச்சக வேலைக்கு வெளியே எனக்கென்று ஒரு பைத்தியம் உண்டு. கோடு போட்ட கொப்பிகளில் பட்டியல்கள் எழுதிவைப்பேன். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, உலக விளையாட்டு விழாக்களின் தொடக்க அணிவகுப்பில் தேசக்கொடி ஏந்திச் சென்ற குடியேறிகளின் பட்டியல். போருக்குத் தப்பி ஓடிய சிறுவன் ஒருவன் வளர்ந்து ஓட்டவீரனாகி, தன்னை ஏற்ற நாட்டின் கொடியோடு அரங்குக்குள் நடந்து வருவான். அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது நான் கதிரையை விட்டு எழுந்து நிற்பேன். நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி அவர்களது பெயர், பிறந்த நாடு, பிறந்த திகதி, வந்து சேர்ந்த ஆண்டு என்று கட்டம் கட்டி எழுதிவந்தேன். அவர்களில் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி முதலாம் திகதி என்று இருந்தது. இத்தனை பேர் ஒரே நாளில் பிறந்திருக்க முடியுமா? அந்தத் திகதிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, 'சரிபார்க்க' என்று குறித்து வைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவனுக்கு, எங்கள் ஆட்களில் ஒருவரே கொடி ஏந்தப்போகிறார் என்று கேட்டதும் எப்படி இருந்திருக்கும்?

விளையாட்டு, கரம். இந்தியத் தமிழர்கள் கேரம் என்பார்கள். பிரான்சில் அதை ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் நம்மவர்களும் மற்றத் தென்னாசியர்களும்தான். கொடி ஏந்தப்போகிறவர் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் குடியிருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. லா சப்பலில் ஒரு கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் எங்கள் கரம் கழகம் கூடும். அப்போது ஆண்கள் மட்டும்தான். ஒருநாள் அவர் கணவனைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். "இந்தா முடியுது, இந்தா முடியுது" என்று கணவன் எழும்பவே இல்லை. ஆள் குறைந்த ஒரு பலகையில் இவர் தானே உட்கார்ந்து ஆடியிருக்கிறார். அன்று அங்கே இருந்த மூன்று பேர் அவரிடம் தோற்றார்கள். நான்காவதாகத் தோற்றவர் கணவன். அதற்குப் பிறகு கணவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, இவர் ஆட வந்தார்.

லா கூர்னெவில் உள்ள விளையாட்டு மண்டபம் ஒன்றில் பல நாட்டு அணிகள் ஆடும் போட்டி ஏற்பாடாகியிருந்தது. தொடக்க விழாவில் பிரான்சின் கொடியை ஏந்த அவரைத் தெரிவு செய்திருந்தார்கள். இதில் ஒரு விசித்திரம்: அவருக்கு அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை. கரம் சிறிய விளையாட்டு, வதிவிட அட்டை இருந்தால் அணியில் ஆடலாம் என்று விட்டிருந்தார்கள். "கொடி பிடிக்கலாம், வாக்குப் போட ஏலாது, நல்ல நாடடா இது" என்று என் முதலாளி சிரித்தார். அந்தப் பெண் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். விழா ஞாயிற்றுக்கிழமை. குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் அரச அலுவலகமான பிரிபெக்சரில் அவருக்கு நேர்காணல் அடுத்த வியாழக்கிழமை.

விழாவுக்காகக் கழகம் ஒரு சிறப்பு மலர் அடிக்கத் தீர்மானித்து, அதை எழுதும் வேலையை என்னிடம் தந்தது. தமிழிலும் பிரெஞ்சிலும் எட்டு வீரர்களின் குறிப்புகள். நடுப்பக்கத்தில் கொடி ஏந்துபவர். அவரைத் தேநீர்க் கடையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கதைத்தேன். நன்றாகக் கதைப்பவர். பேச்சோடு பேச்சாக, ஊரில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது தான் எந்த வகுப்பில் இருந்தார் என்று சொன்னார். வேறொரு இடத்தில், "நான் கோயில் தேரண்டு பிறந்தனான் அண்ணை. அம்மாவுக்கு அந்த வருசம் தேர் பாக்கக் கிடைக்கேல்லை எண்டு கடைசி வரைக்கும் என்னில குறை" என்று சிரித்தார். எந்த வகுப்பு, எந்தக் கோயில் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் அன்று என் குறிப்பில் இரண்டையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து கழகப் படிவத்தைப் பார்த்தால், அவர் பிறந்த திகதி ஜனவரி ஒன்று, ஆண்டும் பொருந்தவில்லை. யாரோ அவசரத்தில் நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திவசத்துக்கு நாள் கேட்டு வருகிறவர்களுக்காக நான் சேர்த்துவைத்த பழைய பஞ்சாங்கங்கள் ஒரு பெட்டி நிறைய உண்டு. வகுப்பை வைத்து ஆண்டைப் பிடித்தேன். ஆண்டை வைத்து அந்தக் கோயிலின் தேர் நாளைப் பிடித்தேன். மூன்று மாலைகள் போயின. நாள், மாதம், ஆண்டு, கிழமை, நட்சத்திரம் எல்லாம் கிடைத்துவிட்டன. அந்த மகிழ்ச்சியில் எனக்கு நித்திரையே வரவில்லை.

அவருக்கு அது ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மாதிரித்தாளைக் காட்டவில்லை. கலியாண அட்டைக்குக்கூடக் கையெழுத்து வாங்குகிறவன், ஒரு மனிதரின் பிறந்த திகதியை அவரைக் கேட்காமல் இரண்டு மொழியில் முந்நூறு பிரதி அடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து மெத்ரோவால் இறங்கி நேராக அச்சகத்துக்கு வந்தார். மலரில் இரண்டு பிரதி வேண்டும், நேர்காணலுக்குக் கொண்டுபோகும் ஆவணக் கோப்பான தொசியேக்குள் வைக்க வேண்டும் என்றார். "நாட்டுக்காகக் கொடி பிடிக்கிறன் எண்டு இதில இருக்குத்தானே, அவையளுக்குக் காட்டலாம்." நான் நடுப்பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே படித்தார்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அண்ணை, இதை ஆர் போடச் சொன்னது?"

நான் பெருமையோடு, வகுப்பையும் தேரையும் வைத்துக் கண்டுபிடித்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் மறித்தார்.

"என்ர கார்டில என்ன இருக்குத் தெரியுமே? பிள்ளையளின்ர பதிவில என்ன இருக்கு? கலியாணப் பதிவில? எல்லாத்திலயும் ஜனவரி ஒண்டு. ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில இருந்தது அது. வந்து இறங்கேக்க அதைத்தான் சொன்னனான். அண்டைக்கு எனக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியாது. இவ்வளவு காலமும் அதிலதான் நிக்கிறன். வியாழக்கிழமை அந்த மேசையில இருக்கிறவர் இந்தப் புத்தகத்தைப் புரட்டி, 'மேடம், இதில எது உண்மை?' எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

எனக்கு இது தெரியாத விஷயமல்ல. பாரிஸில் உள்ள தமிழர்கள் எவருக்கும் தெரியும். வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள், முகவர் சொல்லிக்கொடுத்த திகதியை முதல் நாள் சொல்லிவிட்டு வாழ்நாள் முழுவதும் அதைச் சுமப்பவர்கள் எங்கள் தெருவிலேயே ஒரு கலியாண மண்டபம் நிறைய இருப்பார்கள். நான் மாணவனாக, என் சொந்தக் கடவுச்சீட்டில், என் சொந்தத் திகதியோடு வந்தவன். அதனால் அந்தப் படிவத்தில் எனக்குப் பிழை மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒருவர் நிற்பது தெரியவில்லை.

"கொடியே வேண்டாம் எண்டு கழகத் தலைவருக்குச் சொல்லப்போறன்" என்று அவர் எழும்பினார். "நான் போகாட்டி இந்தப் புத்தகமும் தேவையில்லைத்தானே."

"இரு தங்கச்சி" என்றேன். "அதுக்கு மேல ஒரு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிவிடுறன்."

"ஒட்டினா உரிச்சுப் பாப்பினம் அண்ணை. எங்கட சனத்தை உங்களுக்குத் தெரியாதே? ஒட்டாம விட்டா ஒருவேளை பாக்காயினம். ஒட்டினா கட்டாயம் பாப்பினம்."

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி வெளியே வந்தார். மலரை ஒருமுறை புரட்டினார். நடுத்தாள் ஒரே தாள். இரண்டு பின்களால் மற்றத் தாள்களோடு பிணைத்திருந்தது. ஒரு பாதியில் இவரது பக்கம், மறு பாதியில் நகைக்கடை விளம்பரம். பின்புறத்தில் கழகத் தலைவரின் வாழ்த்துச் செய்தி.

"கிழிச்செடுக்க ஏலாது. நகைக்கடைக்காரர் என்னை உயிரோட விடமாட்டார்" என்றார். "தலைவரின்ர வாழ்த்து இல்லாட்டி ஒருத்தருக்கும் நட்டமில்லை, அது வேற. பின்னைக் கழட்டு, நடுத்தாளை எடு, புதுசு அடிச்சு வை, திரும்பப் பின் அடி. முந்நூறும். பஞ்சாங்கத்தாரே, இண்டைக்கு உமக்குச் சாப்பாடு இல்லை."

புதிய பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். கார்டில் உள்ள திகதியையே போட்டுவிடட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: "அதைப் போட்டா ஊராக்கள் சிரிப்பினம், 'இவள் என்னோட படிச்சவளெல்லோ' எண்டு. மற்றதைப் போட்டா பிரிபெக்சர். ஒண்டும் போடாதேங்கோ."

மற்ற ஏழு பேருக்கும் பிறந்த திகதி இருந்தது. இவருக்கு மட்டும் அந்த வரி வெறுமையாக நின்றது. அந்த இடைவெளியைப் பார்க்க என் கை அரித்தது. அதில் என்ன போடலாம் என்றேன். "கறுப்புக் காய்தான் விருப்பம் எண்டு போடுங்கோ" என்றார். அப்படியே போட்டேன். இந்த முறை மாதிரித்தாளைக் கொடுத்து, அவர் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இயந்திரத்தை ஓடவிட்டேன்.

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பின் கழற்றினோம். நானும் முதலாளியும் சிறு கத்தியால் நெம்பினோம். அவர் நடுவிரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார், பின் தெறித்து எழும்பும். நாங்கள் ஒன்று முடிக்க அவர் மூன்று முடித்தார். பிறகு முதலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"என்ர கார்டிலயும் ஜனவரி ஒண்டுதான் ஐசே."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் தவறாமல் தொலைபேசியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவந்தவன் நான். ஓர் ஆண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

"ஏன் முதலாளி ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீர் சந்தோசமா வாழ்த்தினீர். நானும் கேக் சாப்பிட்டன். பிறகென்ன?"

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலரில் அந்தத் திகதியைப் படித்த பிறகு முதல் முறையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காதெல்லாம் சூடாகிவிட்டது. மூன்று பேர் இருந்த அந்த மேசையில் பிறந்த திகதி சரியாக இருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற இருவர் அந்தத் திகதிகளோடு எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருநாளும் கேட்காதவனும் நான்தான்.

பிற்பகல் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தன. கழற்றிய பழைய தாள்களை அவரே எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்டு குறையுது அண்ணை."

அது என் பையில் இருந்தது. எங்கள் கைவழியாகப் போகும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எனக்கென்று எடுத்துவைப்பது என் வழக்கம். காலையில் அவர் வருவதற்கு முன்பே எடுத்த மலர் அது. ஆனால் பின் கழற்றிய அத்தனை மணி நேரமும் அது பைக்குள் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாய் திறக்கவில்லை. எவ்வளவு சரியான திகதி, எங்கேயாவது ஒரு பிரதியில் இருக்கட்டுமே என்று ஒரு சபலம். பையைத் திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடுப்பக்கத்தை விரித்து, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உண்மையா இதுதானே அண்ணை? வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். மூண்டு தரம் பாத்தனான்."

"எனக்குத் தேர் எண்டு மட்டும்தான் தெரியும். இங்கிலீசுத் திகதி ஒருநாளும் தெரியாது. அம்மாவும் சொல்லாமலே போயிட்டா. புதன்கிழமையே நான்..." என்று மெல்லச் சொன்னார். (கிழமையை நான் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) உதடு அசைய அந்தத் திகதியை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தாளைப் பின்னிலிருந்து உருவி, நாலாகக் கிழித்து, மற்றத் தாள்களோடு போட்டார்.

"தலைக்குள்ள வைச்சா ஒருத்தரும் உரிச்சுப் பாக்க ஏலாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் கழகத் தலைவருக்கும் நகரசபையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையாருக்கும் பக்கத்தில் இருந்தேன். அணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பிரான்ஸ் அணி கடைசி. கதவு உயரம் குறைவு. அவர் கொடிக்கம்பைச் சற்றுச் சாய்த்து, உள்ளே வந்ததும் நிமிர்த்தினார். சிறிய உருவம். கம்பு அவர் தலைக்கு மேல் வளர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்; காயைத் தட்டும் நடுவிரல் மட்டும், வெள்ளிக்கிழமை முழுவதும் பின் கழற்றியதில் வீங்கியோ என்னவோ, கம்பில் படாமல் விலகி நின்றது. அதைப் பார்த்தது அந்த மண்டபத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

நகரசபை அம்மையார் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். நடுப்பக்கத்தில் நின்று, நல்ல மனதோடுதான், பிரெஞ்சில் கேட்டார்: எல்லோருக்கும் வயது தெரிகிறது, கொடி ஏந்தும் இந்தப் பெண்ணுக்கு என்ன வயது?

தலைவருக்கு ஒரே பெருமை. "இவரைக் கேளுங்கோ. எல்லாரின்ர திகதியும் இவரிட்டை இருக்கு" என்று பிரெஞ்சில் அவருக்குச் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம், "சொல்லும் பஞ்சாங்கம், சொல்லும்" என்றார்.

நாள், மாதம், ஆண்டு, கிழமை, நட்சத்திரம் எல்லாம் என் நாக்கின் நுனியில் நின்றன. கேட்கப்பட்ட திகதியைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் கிடையாது. கொடியோடு அவர் எங்களைக் கடந்துகொண்டிருந்தார். தலைவரின் உரத்த குரல் கேட்டிருக்க வேண்டும். கொடிக்கு இந்தப் பக்கமாக அவர் கண்கள் ஒரு கணம் என் மேல் நின்றன.

"தெரியாது" என்றேன்.

"என்ன, உமக்கே தெரியாதோ?" என்று தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்வரிசையிலும் சிலர் சிரித்தார்கள். அம்மையார் பரவாயில்லை என்று பக்கத்தைத் திருப்பினார். கொடி எங்களைத் தாண்டிப் போயிற்று.

வியாழக்கிழமை நேர்காணல் நடந்தது. மலரைப் பார்த்த அலுவலர், "கறுப்புக் காய் ஏன் விருப்பம்?" என்று மட்டும் கேட்டாராம். அவருக்குக் குடியுரிமைக் கடிதம் வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. புதிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். அட்டையில் ஜனவரி ஒன்று. "வாங்கோ, என்னோட ஒரே நாளில பிறந்த சகோதரி" என்று முதலாளி எழுந்து கதிரை போட்டார்.

அன்று வீட்டுக்குப் போய், கொடி ஏந்தியவர்களின் கொப்பியை எடுத்தேன். சிவப்புப் பென்சில் கேள்விக்குறிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக அழிறப்பரால் அழித்தேன். உலகமே பார்க்க, கம்பை நிமிர்த்திக்கொண்டு நடந்த அந்த மனிதர்களில் எத்தனை பேர், என்னைப் போல் ஒருவன் மலரைப் புரட்டிக்கொண்டு எங்கேயாவது முன்வரிசையில் இருக்கக்கூடும் என்ற பயத்தோடு நடந்தார்களோ? பிறகு பட்டியலின் கடைசியில் அவரையும் சேர்த்தேன். பெயர், பிறந்த நாடு, விளையாட்டு. திகதிக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

வருடத்தில் ஒருநாள் மட்டும், காரணம் எதுவும் எழுதாமல், "சுகமோ தங்கச்சி?" என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறேன். "ஓம் அண்ணை, இண்டைக்கு நல்ல சுகம்" என்று பதில் வரும். என் கொப்பிகள் ஒன்றிலும் எழுதிவைக்காத அந்த ஒரு திகதியைத்தான், எதையும் பார்க்காமல் நான் இன்றுவரை மறக்காமல் இருக்கிறேன்.